ஒரே கணிப்பொறி, இரண்டு அரட்டை நிரல்கள்: பிணக்கைத் தீர்க்கும் வழி

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கி வருவோர், புதுச்சேரியை எட்டுவதற்கு முன்னர் எங்கள் பொம்மையார்பாளையத்தையும், அதற்குத் தெற்கே சில ஊர்களைத் தாண்டிக் கோட்டக்குப்பத்தையும் காண்பர். இப்பகுதியில் வாழும் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் கணவரோ, மகனோ, மருமகனோ துபாயிலும் ஜித்தாவிலும் பாரீசிலும் பொருளீட்டி வருகின்றனர். முற்காலத்தில் நீலநிற வான்கடிதமும், பின்னர் ஐ.எஸ்.டி. பூத்தும் ஆற்றிய பணியை இன்று கைப்பேசியும் கூடத்துக் கணிப்பொறியும் ஆற்றி வருகின்றன. அல்ஹம்துலில்லாஹ்! தொலைவு சுருங்கியிருக்கிறது. ஆனால் சுருங்கிய தொலைவுக்குள்ளேயே புதியதொரு பிணக்கும் முளைத்திருக்கிறது.

"நேற்றிரவு அத்தா மூன்று முறை அழைத்தார்களாம். நாங்கள் கணிப்பொறியின் முன்னால்தான் இருந்தோம். மணியே கேட்கவில்லை." மதரஸாவுக்கு வரும் பிள்ளைகளின் வாயிலாக இத்தகைய முறையீடுகள் அடிக்கடி நம் செவிக்கு எட்டுகின்றன. அழைத்தவர், "வேண்டுமென்றே எடுக்கவில்லை" என்று எண்ணுகிறார். வீட்டிலுள்ளவர், "அவர் அழைக்கவே இல்லை, அழைத்ததாகச் சொல்கிறார்" என்று எண்ணுகிறார். இருவர் கூற்றும் உண்மையாகவே இருக்கலாம். ஒரே கணிப்பொறியில் ஒன்றைப் போன்று மற்றொன்று அமைந்த இரு அரட்டை நிரல்கள் குடியேறி, ஒன்றின் வழியை மற்றொன்று மறித்துக் கொண்டிருப்பதை இருவருமே அறியார்! இயந்திரத்தின் குறை இல்லறத்தின் ஐயமாக மாறிவிடுகிறது. பொல்லாத எண்ணங்களிலிருந்து விலகியிருக்குமாறு சூரத்துல் ஹுஜுராத் நம்மை எச்சரித்திருக்க, தீர்க்கக்கூடிய ஓர் இயந்திரக் குறைக்காக உறவில் ஐயம் நுழைய விடலாமா?

ஏன் இரண்டு நிரல்கள்?

'ஒன்றை நீக்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது' என்று கூறுவது எளிது. ஆனால் பல குடும்பங்களுக்கு இரண்டுமே தேவைப்படுகின்றன. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியே எழுத்துச் செய்தி அனுப்பலாம். பேசவோ முகம் பார்க்கவோ இயலாது. உரிமம் பெற்ற சேவைகளின் வழியாகவே இணைய அழைப்பை அந்நாடு அனுமதிக்கிறது. எனவே துபாயிலும் அபூதாபியிலும் இருப்போர், எழுதுவதற்கு ஒன்றும் பேசுவதற்குப் போட்டிம் போன்ற வேறொன்றுமாக இரு நிரல்களைக் கையாள்கின்றனர். சவூதி அரேபியா 2017 செப்டம்பரில், தன் விதிமுறைகளுக்கு உட்பட்ட இணைய அழைப்புச் சேவைகளுக்கு இருந்த தடையை நீக்கியது. ஒரே வீட்டின் மூத்த மகன் ஜித்தாவிலும் இளைய மகன் துபாயிலும் இருந்தால், பெற்ற தாய் இருவேறு நாட்டுச் சட்டங்களுக்கேற்ப இருவேறு நிரல்களை வைத்துக்கொள்ள நேர்கிறது.

இவற்றோடு நம் தமிழகத்து ஸோஹோ நிறுவனம் 2021 ஜனவரியில் வெளியிட்ட 'அரட்டை' என்னும் நிரலும் சேர்ந்துள்ளது. 2025 செப்டம்பர் இறுதியில் அதில் மக்கள் பெருந்திரளாகச் சேர்ந்தனர். பிள்ளைகளின் கல்லூரி ஒரு நிரலை வற்புறுத்துகிறது; அலுவலகம் மற்றொன்றை வற்புறுத்துகிறது. ஆகவே, இரண்டையும் இணக்கமாக வாழ வைக்கும் வழியையே நாம் நாடவேண்டியுள்ளது.

இப்பூசல் புதிதன்று

இந்தப் போட்டி கால் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பழமை உடையது. 1999 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எம்.எஸ்.என். மெசஞ்சரை வெளியிட்டது. அமெரிக்கா ஆன்லைன் நிறுவனத்தின் அரட்டை நிரலைப் பயன்படுத்தும் நண்பர்களோடும் அதன் வழியே உரையாடுமாறு அது அமைக்கப்பட்டிருந்தது. தன் வாசல் வழியே அயலார் புகுவதை அந்நிறுவனம் விரும்பவில்லை, கதவை அடைத்தது. மைக்ரோசாஃப்ட் வேறொரு திறப்பைக் கண்டது; அதுவும் அடைக்கப்பட்டது. இவ்வாறு பன்முறை நிகழ்ந்தபின், அவ்வாண்டிலேயே மைக்ரோசாஃப்ட் அம்முயற்சியைக் கைவிட்டது.

அதனினும் விந்தையானது, ஒரே நிறுவனத்தின் இரு நிரல்கள் ஒரே கணிப்பொறிக்குள் மோதிக்கொண்டமை. 2001 அக்டோபர் 25 அன்று வெளியான விண்டோஸ் எக்ஸ்.பி.யில் 'விண்டோஸ் மெசஞ்சர்' என்னும் நிரல் உடன்பிறந்ததாகவே இருந்தது. மக்களோ தாம் பழகிய 'எம்.எஸ்.என். மெசஞ்சரை'யும் அதனருகே நிறுவிக்கொண்டனர். பெயரும் தோற்றமும் பணியும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் அந்நாளைய முறையில் ஒரு கணக்கு ஒரு நேரத்தில் ஓரிடத்தில் மட்டுமே உள்நுழைந்திருக்க இயலும். ஒன்றில் நுழைந்தால் மற்றொன்று வெளியேற்றப்படும். மூடிவைத்த விண்டோஸ் மெசஞ்சரை, அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்னும் அஞ்சல் நிரல் திறக்கப்படும்போது மீண்டும் எழுப்பிவிடும்! இவ்விரண்டும் போதாவென்று, அரட்டைக்கும் தனக்கும் தொடர்பே இல்லாத 'மெசஞ்சர்' என்னும் பெயரிலேயே வலையமைப்பு அறிவிப்புச் சேவை ஒன்றும் விண்டோசில் இருந்தது. அதன் வழியே விளம்பரங்கள் திரையில் குதித்து மக்களை அலைக்கழிக்கவே, 2004 ஆகஸ்டில் வந்த இரண்டாம் திருத்தத் தொகுப்பு அச்சேவையை அணைத்து வைத்தது.

அந்த அனுபவத்துக்குப் பின்னும் இதே கதை திரும்பியது. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, வீட்டுப் பயன்பாட்டுக்கான டீம்ஸ் நிரலைத் தன்னுடனேயே கொண்டுவந்தது. கல்விக்கூடங்களும் அலுவலகங்களும் பயன்படுத்திய டீம்ஸ் வேறொரு தனி நிரல். பள்ளியின் கணக்கைக் கொண்டு வீட்டு டீம்ஸில் நுழைய முயன்ற மாணவர் எத்தனையோ பேர்! 2024ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அவ்விரண்டையும் ஒரே நிரலாக இணைத்தது. ஆக்கியோர் ஒருவராகவே இருந்தும் இணக்கம் காண இத்தனை காலம் ஆயிற்றெனில், வெவ்வேறு நிறுவனத்தாரின் நிரல்களை வைத்திருக்கும் நாம் தாமாகவே இணங்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

பொதுச் சுவரும் பொது வழியும்

ஃபிக்ஹு நூல்களில் 'சுல்ஹ்' என்னும் பாடம் ஒன்று உண்டு. பிணங்கிய இருவருக்கிடையே சமாதானம் செய்து வைப்பதைப் பற்றியது அது. ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில் அப்பாடத்துக்குள்ளேயே பொது வழி, முட்டுச் சந்து, இரு வீட்டாருக்கும் பொதுவான சுவர் ஆகியவை பற்றிய சட்டங்களும் இடம்பெறுகின்றன. இவை ஏன் சமாதானப் பாடத்தில் வைக்கப்பட்டன என்று ஓதும் மாணவர் வினவுவதுண்டு. அண்டை வீட்டார் பிணங்குவது பெரும்பாலும் அவரவர் வீட்டைக் குறித்தன்று. இருவருக்கும் பொதுவான சுவரையும் சந்தையும் குறித்தே ஆகும். பொதுவானதன்மீது எவருக்கு எவ்வளவு உரிமை என்பதை வரையறுத்துவிட்டால் பிணக்கு தணிகிறது.

கணிப்பொறிக்குள் நிகழ்வதும் இதுவே. இரு அரட்டை நிரல்களும் தத்தம் செய்திகளைத் தத்தம் இடத்தில் தனித்தனியே வைத்துக்கொள்கின்றன. அவற்றில் ஒன்று மற்றொன்றைத் தீண்டுவதில்லை. மைக், காமிரா, ஸ்பீக்கர், நினைவகம், திரையின் மூலை, ஓர் இணைப்பைச் சொடுக்கினால் எது திறக்கவேண்டும் என்னும் உரிமை ஆகியவை மட்டுமே பொதுச் சொத்துகள். பூசல் முழுவதும் இவற்றின்மீதுதான். மரக்காணத்து உப்பளத்தில் பாத்திகள் அனைத்துக்கும் கடல்நீர் ஒன்றே. பாத்திக்குப் பாத்தி வரப்பு இருப்பதால்தான் உப்பு விளைகிறது. அத்தகைய வரப்புகளைக் கணிப்பொறிக்குள் அமைப்பதெப்படி என்பதையே இனிக் காண்போம்.

முதலில் விசாரணை

இரு தரப்பாரையும் கேளாமல் தீர்ப்புக் கூறலாகாது என்பது நபி (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களுக்குக் கற்பித்த நெறியாகும். இங்கும் அதுவே முறை. கணிப்பொறியை ஒருமுறை அணைத்து மீண்டும் இயக்குங்கள். இரு நிரல்களையும் முழுமையாக மூடுங்கள். மேல் மூலையிலுள்ள பெருக்கற் குறியை அழுத்தினால் போதாது. பல அரட்டை நிரல்கள் மூடியதுபோல் தோன்றி, திரையின் கீழே கடிகாரத்தின் அருகில் சிறு படமாக ஒளிந்துகொள்ளும். அந்தப் படத்தின்மீது வலப்பொத்தானை அழுத்தி, வெளியேறும் கட்டளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பின்னர் முதல் நிரலை மட்டும் திறந்து, உறவினர் ஒருவரை அழைக்கச் சொல்லிச் சோதியுங்கள். அதனை மூடிவிட்டு இரண்டாவதைத் தனியே சோதியுங்கள். தனித்தனியே இரண்டும் நன்கு இயங்கி, சேர்ந்திருக்கும்போது மட்டும் குறை தோன்றினால், அது பொதுச் சொத்தின்மீதான பூசல் என்று உறுதியாகிறது. தனியே இருக்கும்போதும் ஒரு நிரல் இயங்கவில்லையெனில் குறை அதனிடமோ இணையத் தொடர்பிடமோ இருக்கிறது. மற்றொன்றின்மீது பழிசுமத்தல் நியாயமன்று.

ஐந்து வரப்புகள்

1. வாயிலில் நிற்பவர் யார்? அரட்டை நிரல்கள் பெரும்பாலும், கணிப்பொறி விழித்தவுடன் தாமும் விழிக்குமாறு தம்மை அமைத்துக்கொள்கின்றன. இரண்டும் ஒருசேர விழித்தால் பழைய கணிப்பொறி திணறிப்போகும். இன்றைய அரட்டை நிரல்கள் பல, தமக்குள்ளே முழு இணைய உலாவி ஒன்றைச் சுமந்து வருபவை. பார்வைக்குச் சிறியவை, நினைவகத்தை உண்பதில் பெரியவை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் மாணவர் பெற்ற மடிக்கணினி இன்றும் சில வீடுகளில் உழைத்துக் கொண்டிருக்கிறது. அத்தகைய பொறியில் ஒரு நேரத்தில் ஒரு நிரல் என்பதே அறிவுடைமை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் 'ஸ்டார்ட்அப்' என்னும் பகுதியில், தானாக விழிக்கும் நிரல்களின் பட்டியல் காணப்படும். அழைப்பு வரக்கூடிய நிரலை மட்டும் அங்கு விட்டுவைத்து, எழுத்துச் செய்திக்கான மற்றதை 'டிஸேபிள்' செய்துவிடுங்கள். வேண்டும்போது அதனை நாமே திறந்துகொள்ளலாம்.

2. செவியும் கண்ணும். விண்டோசில் ஒரு நிரல் மைக்கைத் தனக்கே உரியதாகப் பற்றிக்கொள்ள இடமளிக்கும் ஏற்பாடு ஒன்று உள்ளது. ஒரு நிரல் அவ்வாறு பற்றிய நேரத்தில் மற்றொன்றில் அழைப்பு வந்தால், நாம் பேசுவது எதிர்முனைக்குக் கேட்காது. கண்ட்ரோல் பேனலில் 'சவுண்ட்' என்பதைத் திறந்து, 'ரிக்கார்டிங்' பகுதியில் மைக்கைத் தேர்ந்து, 'பிராப்பர்ட்டீஸ்', 'அட்வான்ஸ்டு' என்று சென்றால், தனியுரிமை அளிக்கும் கட்டங்கள் காணப்படும். அவற்றிலுள்ள குறியை எடுத்துவிடலாம். காமிராவின் நிலை இதனினும் கடினம். பெரும்பாலான கணிப்பொறிகளில் ஒரு நேரத்தில் ஒரு நிரலே காமிராவைப் பயன்படுத்த இயலும். கல்லூரி வகுப்பு நடந்துகொண்டிருக்கையில் துபாயிலிருந்து அழைப்பு வந்தால் கறுப்புத் திரையே தெரியும். காமிரா பழுதென்று எண்ணிக் கடைக்குத் தூக்கிச் செல்லுமுன், வகுப்பு நிரலை முழுமையாக மூடிப் பாருங்கள்.

3. மணியோசை. 'மணியே கேட்கவில்லை' என்ற முறையீட்டின் விடை பெரும்பாலும் இங்குதான் இருக்கிறது. கணிப்பொறியில் ஓர் அழைப்பு நடைபெறுவதாக விண்டோஸ் உணர்ந்தால், பிற ஒலிகள் அனைத்தையும் 80 விழுக்காடு தாழ்த்திவிடுமாறு அது இயல்பாகவே அமைக்கப்பட்டுள்ளது. எனவே ஒரு நிரலில் நாம் பேசிக்கொண்டிருக்கையில், மற்றொன்றின் மணி ஐந்தில் ஒரு பங்கு ஒலியோடு முனகுகிறது. முன்னர் கூறிய 'சவுண்ட்' பெட்டியிலேயே 'கம்யூனிகேஷன்ஸ்' என்னும் பகுதியைத் திறந்து, 'டூ நத்திங்' என்பதைத் தேர்ந்தால் இக்குறை நீங்கும். மற்றொரு காரணமும் உண்டு. விண்டோஸ் பொதுவான ஒலிக்கு ஒரு கருவியையும், அழைப்புகளுக்கு வேறொரு கருவியையும் ஒதுக்கிவைக்கக்கூடியது. பிள்ளைகள் வகுப்புக்காகச் செருகிய ஹெட்போன் அழைப்புக் கருவியாகிவிட்டால், மணி அந்த ஹெட்போனுக்குள்ளேயே ஒலித்து அடங்கிவிடும். மேசைமீது கிடக்கும் ஹெட்போனின் முனகலை அடுக்களையில் இருப்பவர் எவ்வாறு கேட்பர்? வகுப்பு முடிந்ததும் அதனைக் கழற்றிவிடும் பழக்கம் வேண்டும்.

4. திரையின் மூலை. இரு நிரல்களின் அறிவிப்புகளும் திரையின் ஒரே மூலையில் தோன்றி, ஒன்றையொன்று மறைக்கின்றன. 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று சென்றால் ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனியே அனுமதி வழங்கலாம். குழுச் செய்திகளின் அறிவிப்பை நிறுத்திவைத்து, நேரடி அழைப்புகளின் அறிவிப்பை மட்டும் விட்டுவைப்பது நலம். நூறு 'சுபுஹான' வாழ்த்துகளுக்கிடையே ஒரு தவறிய அழைப்பின் அறிவிப்பு புதைந்துபோவதை இதனால் தவிர்க்கலாம்.

5. இணைப்பின் உரிமை. ஒரு தொலைபேசி எண்ணையோ வகுப்பின் இணைப்பையோ சொடுக்கினால், எந்த நிரல் திறக்கவேண்டும் என்பதை விண்டோஸ் ஒரு பட்டியலில் குறித்துவைத்திருக்கிறது. புதிதாக நிறுவிய நிரல் அவ்வுரிமையைக் கேட்கும். நாம் படியாமலே இசைவு தந்துவிடுகிறோம். பின்னர், பழகிய நிரல் திறக்கவில்லையே என்று வருந்துகிறோம். 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்', 'டிஃபால்ட் ஆப்ஸ்' என்று சென்று, எவ்வகை இணைப்புக்கு எந்த நிரல் என்பதை நாமே மாற்றியமைக்கலாம்.

ஒரே நிரல், இரண்டு கணக்குகள்

சில வீடுகளில் நிரல் ஒன்றாகவே இருக்கும். கணக்குகள் இரண்டாக இருக்கும். தாயின் எண் ஒன்று. மகன் நடத்தும் கடையின் எண் மற்றொன்று. இரண்டையும் ஒரே உலாவியில் திறக்க முயன்றால், வாட்ஸ்அப் வேறொரு சாளரத்தில் திறந்திருப்பதாகக் கூறி, இங்கே பயன்படுத்தவா என்று வினவும். இசைந்தால் முந்தையது உறங்கிவிடும். உலாவியானது ஓர் இணையதளத்துக்குரிய உள்நுழைவு அடையாளத்தை ஒரே பேழையில் வைத்திருப்பதே இதற்குக் காரணம். உலாவிக்குள் இரண்டு 'புரொஃபைல்கள்' அமைத்துக்கொண்டாலோ, ஒன்றைத் தனி நிரலிலும் மற்றொன்றை உலாவியிலும் திறந்தாலோ பேழைகள் பிரிந்துவிடும், பிணக்கும் தீரும்.

அதனினும் சிறந்தது, கணிப்பொறியிலேயே தாய்க்கு ஒரு பயனர் கணக்கும் மகனுக்கு ஒரு பயனர் கணக்கும் தனித்தனிக் கடவுச்சொல்லுடன் அமைப்பதாகும். இதில் வசதி மட்டுமன்று, மார்க்கப் பேணுதலும் அடங்கியிருக்கிறது. பிறர் இல்லத்தில் அனுமதி கேட்டு ஸலாம் உரைத்த பின்னரே நுழையவேண்டும் என்று சூரத்துந் நூர் நமக்குக் கற்பிக்கிறது. துருவித் துருவி ஆராய்வதைச் சூரத்துல் ஹுஜுராத் விலக்குகிறது. கணவன் மனைவியின் உரையாடல் திறந்து கிடக்கும் திரையை, வீட்டுக்கு வரும் விருந்தினரும் வளரும் பிள்ளைகளும் பார்க்க நேர்வது முறையாகுமா? உரையாடல் ஓர் அமானிதம். அதற்கும் ஒரு கதவு வேண்டும்.

கைப்பேசியிலுள்ள வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' என்னும் பகுதியை மாதம் ஒருமுறையேனும் திறந்து பாருங்கள். கைப்பேசிக்கு மேலாக நான்கு கருவிகள் வரை ஒரு கணக்கோடு இணைக்கப்பட இயலும். நாம் அறியாத கருவி ஏதும் அப்பட்டியலில் காணப்பட்டால் உடனே வெளியேற்ற வேண்டும். கைப்பேசி 14 நாள்களுக்கு மேல் பயன்படுத்தப்படாதிருந்தால், கணிப்பொறியிலுள்ள கணக்கும் தானாகவே வெளியேறிவிடும். 'கணிப்பொறியில் செய்தி வருவதே இல்லை' என்று கூறும் முதியோர் சிலரின் குறைக்கு இதுவே காரணம். பழுதும் இல்லை, பகையும் இல்லை.

போலிகளிடம் எச்சரிக்கை

இரு கணக்குகள் வேண்டுமென்பதற்காகச் சிலர், ஜி.பி. வாட்ஸ்அப் போன்று பிறர் திருத்தியமைத்த போலி நிரல்களை நாடுகின்றனர். அவற்றைப் பயன்படுத்துவோரின் கணக்கை வாட்ஸ்அப் நிறுவனம் தடைசெய்கிறது. நம் குடும்பத்துப் படங்களும் பேச்சுகளும் எவர் கைக்குச் செல்கின்றன என்பதற்கும் அங்கே பொறுப்பேற்பார் இல்லை. 2023 அக்டோபரில் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உண்மையான வாட்ஸ்அப்பிலேயே இரு கணக்குகள் வைத்துக்கொள்ளும் வசதி தரப்பட்டுவிட்டது. நேரான வழி திறந்திருக்கையில் சுவரேறிக் குதிப்பானேன்?

எந்த நிரலையும் அதனை ஆக்கியவரின் தளத்திலிருந்தோ, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்தோ மட்டுமே பெறவேண்டும். பெயரும் படமும் ஒத்திருப்பதைக் கண்டு ஏமாறலாகாது. செய்திகள் இருமுனைகளுக்கிடையே மறையாக்கம் செய்யப்படுகின்றனவா என்பதையும் கேட்டறிவது நம் கடமை. வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் இதனை அனைவருக்கும் அளித்தது. அரட்டை நிரலில் அழைப்புகளுக்கு முதலிலும், எழுத்துச் செய்திகளுக்கு அதன் பின்னரும் வழங்கப்பட்டது. இரு நிரல்களுள் அந்தரங்கமானவற்றை எதில் பேசுவது என்று தீர்மானிக்கையில் இதனையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

நீக்குவதற்கு முன்

எவ்வளவு முயன்றும் இணக்கம் ஏற்படவில்லையெனில் ஒன்றை நீக்கத்தான் வேண்டும். அதற்கு முன்னர் அதிலுள்ள படங்களையும் குரற்பதிவுகளையும் வேறோரிடத்தில் படியெடுத்து வையுங்கள். அரட்டை நிரல்கள் நிலையானவை அல்ல. ஒரு காலத்தில் உலகெங்கும் பேசப்பட்ட யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலை 17 அன்று மூடப்பட்டது. ஐ.சி.க்யூ. 2024 ஜூன் 26 அன்று மறைந்தது. வளைகுடா சென்ற நம்மவர் பலர் முதன்முதலாகத் தம் பிள்ளையின் முகத்தைக் கண்ட ஸ்கைப், 2025 மே 5 அன்று தன் பணியை முடித்துக்கொண்டது. அதிலிருந்தவற்றைப் படியெடுக்க 2026 ஜனவரி வரை தவணை தரப்பட்டது, அத்தவணையும் கடந்துவிட்டது. மறைந்துபோன பாட்டனாரின் குரல் அத்தகைய ஒரு நிரலுக்குள் மட்டுமே இருந்திருந்தால், அக்குடும்பத்தின் இழப்பை எதனால் ஈடுசெய்வது?

இல்லத்து உடன்படிக்கை

இதுவரை கூறியவை கணிப்பொறிக்கான வரப்புகள். குடும்பத்துக்கும் ஒரு வரப்பு வேண்டும். வெளிநாட்டிலுள்ளவரும் வீட்டிலுள்ளோரும் ஒரு நாள் அமர்ந்து பேசி, பின்வருவனவற்றை முடிவுசெய்து ஒரு தாளில் எழுதிக் கணிப்பொறியின் அருகே ஒட்டிவையுங்கள்.

எழுத்துச் செய்தி எந்த நிரலில்? அழைப்பு எந்த நிரலில்? இரண்டையும் இரண்டிலும் செய்யத் தொடங்கினால்தான் குழப்பம். அழைக்கும் நேரம் எது? வளைகுடா நாடுகளின் கடிகாரம் நமக்குப் பின்தங்கியது. அமீரகத்தில் இரவு பத்து மணி என்றால் இங்கே பதினொன்றரை. அங்குள்ளவருக்கு அது இஷாவுக்குப் பிந்தைய ஓய்வு நேரம். இங்கே பிள்ளைகள் உறங்கிவிடும் நேரம். அழைப்பு எடுக்கப்படாவிடில் அடுத்து என்ன செய்வது? ஒரு வீட்டின் வாயிலில் மும்முறை அனுமதி கேட்டும் விடை கிடைக்காவிடில் திரும்பிவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். திரும்பிச் செல்பவர் சினத்தோடு செல்லவேண்டும் என்று அவர்கள் கற்பிக்கவில்லை. அவ்வாறே, மூன்று அழைப்புகளுக்கு விடையில்லையெனில், 'கேட்கவில்லை போலும்' என்று நல்லெண்ணம் கொண்டு ஒரு வரி எழுதிவைத்தல் வேண்டும். அவசரமாயின் அரட்டை நிரலை நம்பியிராமல், சாதாரணத் தொலைபேசி அழைப்பையே நாடவேண்டும்.

இரு நிரல்கள் இருப்பதால் வரும் மற்றொரு கேடும் உண்டு. ஒன்றில் வந்த வதந்தியே மற்றொன்றிலும் வந்தால், 'இரண்டு இடங்களிலிருந்து வந்துவிட்டதே, மெய்யாகத்தான் இருக்கும்' என்று மனம் நம்பிவிடுகிறது. ஒருவரே இரண்டிலும் அனுப்பியிருக்கலாம் அன்றோ? வழி இரண்டு என்பதால் சாட்சி இரண்டாகிவிடாது. செய்தி கொண்டுவருபவரின் கூற்றைத் தீர விசாரிக்குமாறு சூரத்துல் ஹுஜுராத் இட்ட கட்டளை, எத்தனை நிரல்கள் வந்தாலும் மாறாதது.

உடன்படிக்கையை எழுதும்போது வீட்டுப் பெண்களையும் முதியோரையும் உடன் அமர்த்திக்கொள்வது இன்றியமையாதது. நிரலை நிறுவுபவர் இளைஞராக இருப்பார். அதனைச் சார்ந்து வாழ்பவரோ தாயாகவும் மனைவியாகவும் இருப்பார். எந்தப் படத்தை அழுத்தினால் மகனின் முகம் தெரியும் என்பதை அந்தத் தாய்க்குப் பொறுமையோடு மும்முறை செய்து காட்டுங்கள். தேவையற்ற படங்களைத் திரையிலிருந்து அகற்றி, அந்த ஒன்றை மட்டும் பெரிதாக முன்னே வையுங்கள். பெற்றோருக்குச் செய்யும் நன்மைகளில் இதுவும் ஒன்றாக எழுதப்படும், இன்ஷா அல்லாஹ்.

ஒரு பொதுச் சுவருக்கு இருபுறமும் இரு குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இணங்கி வாழ்ந்த ஊர்கள் நம்முடையவை. சுவர் எவருடையது என்ற வழக்கு எழாதவாறு பெரியோர் முன்கூட்டியே எல்லை பேசி வைத்ததே அதற்குக் காரணம். ஓய்வான ஒரு வெள்ளிக்கிழமையில், ஜும்ஆவுக்குப் பின்னர் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், மேற்கூறிய ஐந்து வரப்புகளையும் அமைத்துவிடலாம். கடல் கடந்து உழைப்பவருக்கும் அவர் வரவை எண்ணி நாள்களை நகர்த்துபவருக்கும் இடையே ஓர் இயந்திரத்தின் ஓசையின்மை ஐயத்தின் சுவராக எழுந்துவிடாதிருக்க, வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லெண்ணத்தையும் தெளிந்த அறிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.